வலைக்குள் ஒரு மூச்சு

இரவில் மீன்பிடிக்கப் போன இடத்தில் எதிர்பாராமல் எதிர்ப்பட்ட உயிரினங்களைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஐந்திலும் வருகிற விலங்குகள் வேறுவேறானவை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட மீனைப் போலச் செவுளால் சுவாசிப்பதில்லை. எல்லாமே நம்மைப் போல நுரையீரல் உள்ளவை, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை இழுத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போகிறவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

சேதுபாவாசத்திரம் அருகிலிருந்து ஒரு வாசகர்: இரவு பதினொரு மணி இருக்கும். கரைக்கடலில் வலையை இழுத்தபோது தாங்க முடியாத கனம். அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து விளக்கை அடித்துப் பார்த்தால், ஆவுளியா. நானும் என் அண்ணனும் வலையை அறுத்து அதை விட்டுவிட்டோம். வெளியே சொன்னால் வழக்கு வருமோ என்ற பயத்தில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் செய்தது சரியா?

பதில்: மிகச் சரி. நீங்களும் உங்கள் அண்ணனும் செய்த காரியத்துக்கு முதலில் என் வணக்கம். ஆவுளியா என்று நம் கடற்கரையில் சொல்லப்படும் கடற்பசு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொல்வதும் இறைச்சியை விற்பதும் வாங்குவதும் கடுங்குற்றம். தவறிச் சிக்கியதை உயிரோடு விடுவித்தவர்களின் நிலை வேறு. அப்படிப்பட்ட மீனவர்களைத் தமிழக வனத்துறை அழைத்துப் பாராட்டி வெகுமதியும் அளித்து வந்திருக்கிறது. ஆகவே அஞ்சாமல் சொல்லுங்கள். எந்த இடத்தில், எத்தனை பாகம் (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) ஆழத்தில், என்ன வலையில் சிக்கியது, கூடவே குட்டி இருந்ததா என்ற விவரங்கள் உங்களிடமிருந்துதான் கிடைக்க முடியும். உங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தையும் புதுக்கோட்டை மாவட்டத்தையும் ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பரப்பைக் காவலர்களைவிட அதிகமாக இரவில் பார்க்கிறவர்கள் நீங்கள்.

அது ஏன் இரவில் கரைப்பக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடற்பசுவின் உணவு கடற்புல். அந்தப் புல் வெயில் எட்டுகிற ஆழம் குறைந்த கடலில்தான் வளரும். பகலெல்லாம் படகுகள் போய்வருகிற இடங்களில் அது கூச்சப்பட்டு விலகி நின்று, சந்தடி அடங்கிய பிறகு மேய வருவதுண்டு. மூன்று மீட்டர் வரை நீளமும் நானூறு கிலோ அளவுக்கு எடையும் உள்ள உடம்பானாலும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு மேலே நீட்டியே ஆக வேண்டும். வலையின் கனம் அதை அந்தச் சில நிமிடங்களுக்குமேல் கீழே பிடித்துவைத்தால், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் மூச்சடைத்தே செத்துப்போகும். ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈன்று, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்கிற இனம் இது. ஒரு தாய் போனால் அந்த இழப்பு எளிதில் நிரம்பாது.

இன்னொருவருக்கு இது நேர்ந்தால் உதவட்டும் என்று முறையையும் எழுதுகிறேன். முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். வலையை மேலே இழுத்து, அதன் மூக்குத் துவாரம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மூக்கு முகத்தின் மேற்புறத்தில் இருப்பதால் முகம் முழுவதும் வெளியே வர வேண்டியதில்லை. அது இரண்டு மூன்று முறை மூச்சு விட்ட பிறகு, தலைப்பக்கமிருந்து கண்ணிகளை அறுத்துக்கொண்டே வாருங்கள். வாலில் கயிறு கட்டி இழுப்பதும் படகில் ஏற்றப் பார்ப்பதும் கூடாது. அதன் சொந்த எடையே கரையில் அதன் உள்ளுறுப்புகளை அமுக்கிவிடும். வாலடி பட்டால் உங்களுக்கும் எலும்பு முறியும். விளக்கை அதன் கண்ணில் அடிக்காமல் வலையின்மேல் அடியுங்கள். குட்டி பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், தாயும் குட்டியும் சேர்ந்து போகும்வரை படகை அசைக்காதீர்கள். அறுந்த வலைக்கு உரிய ஈட்டுத்தொகை எல்லா ஊரிலும் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வலை ஒரு குடும்பத்தின் மூலதனம் என்பதை மறந்துவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: தை, மாசியில் இரவு வலையில் ஆமை விழுகிறது. பெரும்பாலும் செத்தே வருகிறது. அதைத் திரும்பக் கடலிலேயே போட்டுவிடுகிறோம். வேறு என்ன செய்ய முடியும்?

பதில்: செத்தே வருகிறது என்று நீங்கள் நினைப்பவற்றில் சில சாகாதவை. பங்குனி ஆமை என்ற பெயரிலேயே பருவம் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அது முட்டையிடுவதற்காகக் கரையை நெருங்கும்போதுதான் வலையில் அதிகம் சிக்குகிறது. நீருக்கடியில் நெடுநேரம் தவித்த ஆமை, உடல் தளர்ந்து மயங்கிப்போகும். கண் மூடியிருக்கும், துடுப்பு தொங்கும், தொட்டால் அசையாது. அந்த நிலையில் கடலில் போட்டால் தலையைத் தூக்க வலுவில்லாமல் அது மூழ்கித்தான் சாகும்.

பல ஆண்டுகளுக்கு முன் கோடியக்கரைப் பக்கம் ஒரு ஃபைபர் படகில் இரவுத் தொழிலுக்குப் போனவர்களோடு நானும் போயிருந்தேன். வலையில் வந்த ஆமையை எல்லோரும் செத்தது என்றார்கள். வயது முதிர்ந்த ஒருவர் மட்டும் அதை வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தின் அடியில் சுருட்டிய கயிற்றை வைத்து உயர்த்தி, ஈரச்சாக்கால் ஓட்டைப் போர்த்தினார். படகின் முன்பக்கமான அணியத்தில் இருந்தவர்கள் மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழிந்திருக்கும். அதன் வாயிலிருந்து நூல்போல நீர் வடிந்தது. தாடைக்குக் கீழே சுருங்கிக் கிடந்த தோல் மெல்ல உப்பி அடங்கியது. பிறகு, தூங்கி எழுந்த பெரியவர் ஒருவர் விடுகிற பெருமூச்சைப் போல ஒரு மூச்சு வந்தது. படகில் பேச்சு நின்றுபோனது.

அவர் செய்ததே சரியான முறை. பின்பக்கம் ஒரு சாண் உயரம் இருக்கட்டும். மூக்கையும் வாயையும் மூடாமல் உடம்பை ஈரமாக வைத்திருங்கள். மல்லாத்திப் போடாதீர்கள். இடையிடையே கண் ஓரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் தெளிவதும் உண்டு, ஒரு நாள் வரை ஆவதும் உண்டு. தெளிந்த பிறகு இயந்திரத்தின் விசையை எடுத்துவிட்டு, வலை இல்லாத பக்கமாகத் தலை முன்னே போகும்படி நீரில் இறக்கிவிடுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு, ஓர் ஆமை பிழைத்துப் போவதன் மதிப்பு தெரியும். இழுவைமடி (படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) போடுகிறவர்கள், ஆமை வெளியேற வழிவிடும் சட்டகத்தை மடியில் பொருத்துவதும், மடியை நெடுநேரம் இழுக்காமல் இருப்பதும் இதற்கெல்லாம் முந்திய கடமை.

கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி: என் கணவர் இருட்டில் வலையைப் பிரிக்கும்போது கடல் பாம்பை வாலைப் பிடித்து வெளியே வீசிவிடுகிறார். "அது கடிக்காது, கடித்தாலும் வலிக்காது" என்கிறார். உண்மையா?

பதில்: அம்மா, உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதிதான் ஆளைக் கொல்லக்கூடியது. கடல் பாம்பு தேடி வந்து கடிப்பதில்லை. கடித்தாலும் பல நேரங்களில் விஷம் இறங்குவதில்லை. ஆனால் விஷம் இறங்கிய கடியிலும் வலியோ வீக்கமோ அவ்வளவாக இருக்காது. அதனால்தான் மீனை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி, கழுத்து இறுக்கம், வாயைத் திறக்க முடியாமை, இமை சரிதல் ஆகியவை தொடங்கும். பிறகு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் இறங்கும். தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் மருத்துவமனைகளில் உள்ள பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நிலப்பாம்புகளின் விஷத்தைக் கொண்டு செய்யப்படுவது. கடல் பாம்பின் விஷத்துக்கு அது நம்பத்தக்க மாற்று ஆகாது. ஆகவே உயிரைக் காப்பாற்றுவது செயற்கைச் சுவாசக் கருவியும் டயாலிசிஸும்தான். அவை உள்ள மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வலி தொடங்கக் காத்திராமல் உடனே போக வேண்டும். கடித்த இடத்தைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், கயிற்றால் இறுக்க வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆளைப் படுக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கடலில் நெருக்கடி என்றால் கடலோரக் காவல்படையின் 1554, கரையில் 108.

வலையில் விலாங்கும் வரும், பாம்பும் வரும். விலாங்குக்குச் செவுள் துவாரமும் முதுகுத் துடுப்பும் உண்டு. கடல் பாம்புக்குச் செதிலும், துடுப்புக் கட்டைபோல் தட்டையான வாலும் உண்டு. இருட்டில் கை இதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது. தலையில் ஒரு வெள்ளை விளக்கு, தடித்த கையுறை, வலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கோல், இந்த மூன்றும் படகில் இருக்கட்டும். பாம்பைக் கோலால் எடுத்து உயிரோடு கடலில் விட்டுவிடலாம். கொல்லவேண்டிய தேவை இல்லை.

காவிரிக் கரையிலிருந்து ஒரு வாசகர்: இரவில் விசில் அடிப்பதுபோல் சத்தம் கேட்கிறது. காலையில் வலை கிழிந்து, மீன் தலை மட்டும் கிடக்கிறது.

பதில்: நீர்நாய்கள். கூட்டமாக வேட்டையாடும்போது ஒன்றையொன்று அப்படி அழைத்துக்கொள்ளும். நாம் அவற்றைச் சூழ்ந்துகொள்ளாதவரை மனிதரை நெருங்காது. வலையை இரவெல்லாம் தனியே விட்டுவைக்காமல் பக்கத்தில் இருந்து சீக்கிரம் எடுத்துவிடுங்கள். கிழிசலும் குறையும், வலைக்குள் மாட்டி நீர்நாய் மூச்சுமுட்டிச் சாவதும் குறையும்.

சிதம்பரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்: கொள்ளிடத்தில் இரவுத் தூண்டில் போடுகிறோம். முதலை இருப்பது எப்படித் தெரியும்?

பதில்: டார்ச்சை உங்கள் கண்மட்டத்தில் பிடித்து, நீர்ப்பரப்பை ஒட்டி மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முதலையின் கண்ணுக்குள் பின்புறம் உள்ள ஒரு படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், விளக்கு உங்கள் கண்ணுக்கு அருகில் இருந்தால்தான் அந்த மினுக்கம் தெரியும். நேராகப் பார்த்தால் இரண்டு தணல், பக்கவாட்டில் இருந்தால் ஒன்று. தணல் தெரிந்தால் அன்று அந்தத் துறையை விட்டுவிடுங்கள். தெரியவில்லை என்பதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இறங்கிவிடாதீர்கள். அது மூச்சை அடக்கி அடியில் கிடக்கலாம். கோடையில் ஆறு வற்றி மடுக்களில் மட்டும் நீர் நிற்கும்போது எல்லா முதலைகளும் அந்த மடுக்களுக்கே வந்துசேர்கின்றன. பெண் முதலை முட்டையைக் காவல் காப்பதும் அந்தப் பருவத்தில்தான். அப்போது இடுப்பளவு நீரில் இறங்கி வீச்சுவலை போடவேண்டாம், நீரோரத்தில் குந்தவேண்டாம், மீன் குடலை உட்கார்ந்த இடத்திலேயே எறியவேண்டாம். கரையிலிருந்து சில மீட்டர் தள்ளி, மேட்டில் உட்கார்ந்து நீண்ட கோலால் தூண்டில் போடுங்கள். ஊருக்குள் வந்துவிட்ட முதலையை நீங்களாகக் கயிறு போட்டுப் பிடிக்க முயலாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் பிடித்து வக்காரமாரி குளத்தில் விடுவது உங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம்.