கேளுங்க சொல்றோம்: ராத்திரி வர மறந்த ஊரு

கேள்வி: பொண்ணு ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம்ல வேலை பாக்குறா. ஜூன்ல வாங்கம்மா, மிட்சொம்மர்னு இங்க கோடைத் திருவிழா, பாக்கலாம்னு கூப்பிடுறா. கம்பத்த நட்டு வச்சு சுத்தி ஆடுவாங்களாமே, அது சாமி விசேஷமா? நானும் அவரும் சுத்த சைவம், அன்னிக்கு எங்களுக்கு சாப்பிட என்ன கிடைக்கும்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: யோசிக்காம டிக்கெட் போடுங்கம்மா. காலண்டர்படி இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யோவான் ஸ்நானகன் பிறந்தநாள ஒட்டின பண்டிகை, முன்னாடி ஜூன் 24ஐ வச்சு தான் வரும், 1953ல இருந்து ஜூன் 19க்கும் 25க்கும் நடுவுல வர்ற வெள்ளிக்கிழமைன்னு மாத்திட்டாங்க. ஆனா இப்ப அதுல சாமிய விட வெயில் தான் பெருசு. டிசம்பர்ல மத்தியானம் மூணு மணிக்கு முன்னாடியே இருட்டிடுற ஊரும்மா அது, ஜூன்ல ராத்திரி பத்து தாண்டி தான் சூரியன் மறையும், மூணரைக்கெல்லாம் திரும்ப வந்து நிக்கும், அப்ப யாரு வீட்டுக்குள்ள இருப்பா சொல்லுங்க.

பூ பறிச்சு தலைக்கு வளையம் கட்டுவாங்க (உங்களுக்கு பூ கட்ட வரும்ல, அங்க நீங்க தான் ஹீரோயின்). கம்பம் பூரா இலை தழை பூ சுத்தி எல்லாருமா தூக்கி நிறுத்துவாங்க, அப்புறம் தவளைக்கு காதும் இல்ல வாலும் இல்லன்னு ஒரு பாட்டு பாடி தாத்தா பாட்டி வரைக்கும் தத்தி தத்தி குதிப்பாங்க, வெக்கப்படாம நீங்களும் குதிங்க, சேலைய மட்டும் இழுத்து சொருகிக்கோங்க.

சாப்பாட்டுல முக்கியமானது வினிகர் சர்க்கரைல ஊறின ஹெர்ரிங் மீன், அத அந்தப் பக்கம் தள்ளிடுங்க. புதுசா தோண்டின குட்டி உருளைக்கிழங்க சதகுப்பை போட்டு வேகவச்சு, கெட்டித் தயிர் மாதிரி ஒரு புளிச்ச க்ரீம் தொட்டுக்கிட்டு சாப்பிடுவாங்க, கூட ஸ்ட்ராபெர்ரி, உங்களுக்கு அதுவே போதும். பல கடைங்க அன்னிக்கு சீக்கிரமே மூடிடும், பாதி ஊரு கிராமத்துக்கு கிளம்பிடும், அதனால பாலு தயிரு முன்னாடி நாளே வாங்கிடுங்க. ஸ்வெட்டரும் குடையும் முக்கியம், மிட்சொம்மர்னா மழை வரும்னு அவங்களே கிண்டல் பண்ணிக்குவாங்க.

கேள்வி: சூரியன் தெக்க திரும்புறது ஜூன் 21னா, நம்ம தட்சிணாயனம் மட்டும் ஏன் ஆடி 1? (காலேஜ் ஸ்டூடன்ட், மதுரை)

பதில்: நல்ல கேள்வி தம்பி. நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரத்த வச்சு மாசத்த கணக்கு பண்ணுது. பூமியோ பம்பரம் தலையாட்டுற மாதிரி ஆடிக்கிட்டே சுத்துது, சுமாரா 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி விலகும், அப்படி விலகி விலகி இப்ப ஆடிப் பிறப்பு ஜூலை 17 வாக்குல வருது. ஜூன் 21 அன்னிக்கு சூரியன் வடக்கு ஓரத்துல நிக்கும், நம்பலன்னா உச்சி வெயில்ல மொட்டை மாடில நின்னு பாரு, உன் நிழல் தெக்க விழும்.

கேள்வி: மிட்சொம்மர் ராத்திரி ஏழு பூ தலகாணிக்கு அடில வச்சா வரப்போற பொண்டாட்டி கனவுல வருமாமே, நம்மூர்ல ஒர்க் ஆகுமா? (32 வயசு, கோவை)

பதில்: அந்த ஏழும் வேற வேற பூவா இருக்கணும், பறிச்சு முடிக்கிற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது. நீங்க மார்க்கெட்டுக்கு போயி பூக்காரம்மாகிட்ட பேரம் பேசினா அப்பவே ரூல் ப்ரேக் தம்பி.