பத்தாம், பதினோராம் தர மாணவர்களின் எழுத்தாற்றலை வளர்க்க ஓர் ஆசிரியர் என்ன செய்யலாம்?

அம்பாறை மாவட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிப்பதாகவும், வாயால் நன்றாக விளக்கும் மாணவர்கள் கட்டுரை என்றதும் மனனம் செய்த வரிகளையே எழுதுவதாகவும் உங்கள் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பின் படுவான்கரையில் அதே தரங்களுக்குக் கற்பித்துவருபவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: புதிய தலைப்புகளைக் குறைத்து, எழுதிய கட்டுரையையே மாணவர் திரும்பவும் எழுதுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். எழுத்து பெரும்பாலும் அந்த இரண்டாவது எழுத்தில்தான் திருந்துகிறது.

மனனம் செய்வதற்காக மாணவரைக் குறைகூறுவது நியாயமன்று. பதினோராம் தர முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையை நினைத்து அஞ்சும் பிள்ளைக்கு, எந்தத் தலைப்புக்கும் பொருந்தக்கூடிய முன்னுரையும் முடிவுரையும் ரியூசன் வகுப்பிலேயே கிடைத்துவிடுகின்றன. அவற்றுக்கு நடுவே எழுதவேண்டிய சங்கதியைத் தேடுவதற்குத்தான் எவரும் கற்றுக்கொடுப்பதில்லை.

'எமது பிரதேசத்தின் நீர்வளம்' என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். 'நீர் மனிதனுக்கு இன்றியமையாதது' என்று தொடங்கி, ஒரு குறளைச் சேர்த்து, 'ஆகவே நீரைப் பாதுகாப்போம்' என்று முடிக்கும் கட்டுரையில் பிழை இருக்காது. அதை எழுதியவர் யார் என்பதும் தெரியாது. அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, மழை குறைந்த சிறுபோகத்தில் உங்கள் வயலுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். குளத்திலிருந்து வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதையும், அந்த முறையை வட்டவிதானையார் கவனிப்பதையும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் சேரப் பிந்துவதையும், அதனால் தந்தையார் இரவில் மண்வெட்டியுடன் வரம்பில் காவல் நிற்பதையும் தடையின்றிச் சொல்லும். முறை வைத்தும் கடைசி வயலுக்கு ஏன் தண்ணீர் போதவில்லை என்று அடுத்துக் கேளுங்கள். தூர்ந்த வாய்க்கால், மேல்வயற்காரர் மடையைத் திறந்துவிடுவது, நேரத்துக்கு விதைக்காதது என்று காரணங்கள் வரிசையாக வரும். கட்டுரைக்கு வேண்டிய வாதம் அங்கே பிறந்துவிட்டது. அதைச் சொன்ன ஒழுங்கிலேயே எழுதச் செய்து, மறுநாள் எந்தக் காரணம் முதன்மையானது, எது அதன் விளைவு என்று பிரித்து இரண்டாம் முறை எழுதச் செய்யுங்கள். தோணியும் வலையுமாக வாவிக்கரையில் வாழும் பிள்ளைகளிடமும், கூத்துப் பழகும் பிள்ளைகளிடமும் இதே முறையில் கேட்கலாம்.

திருத்தும்போது தாள் முழுவதையும் சிவப்பாக்க வேண்டாம். பத்து வகைப் பிழைகளை ஒரே நேரத்தில் காட்டினால் மாணவர் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுவார். ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைப் பிழைகள் போதும். 'வயல்கள் காய்ந்தது' என்று எழுதுபவருக்கு அந்த வாரம் எழுவாய் பயனிலை இயைபையும், ஒரே வாக்கியத்தை அரைப்பக்கம் நீட்டுபவருக்கு அதை எங்கே முறிப்பது என்பதையும் மட்டும் காட்டி, அவற்றை அவரே திருத்திவருமாறு சொல்லுங்கள். வல்லினம் மிகும் இடங்களைக் கடைசிக்கு விடலாம் என்பது என் கருத்து. அது வாசிப்பால் மெல்லமெல்ல வருவது, அதற்காக வாக்கியத்தின் தெளிவைக் காத்திருக்க வைக்கக்கூடாது. புள்ளியை இரண்டாம் எழுத்துக்கு மட்டும் வழங்குங்கள். முதல் எழுத்தில் துணிந்து தடுமாற அது இடம் கொடுக்கும்.

வகுப்பு பெரிதாக இருந்தால் எல்லோருடைய கொப்பிகளையும் ஒரே நாளில் பார்க்க இயலாது. நாளுக்கு ஐந்தாறு பேருடையதைப் பாருங்கள். மற்றவர்கள் இருவர் இருவராக அமர்ந்து தம் எழுத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். கண் தாண்டிப்போகும் குறையைக் காது பிடித்துவிடும்.

தமிழ்ப் பாடவேளையோடு இது நின்றுவிடவும் கூடாது. 1892இல் உங்கள் அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழைய யாழ்களின் சுருதிகளைக் கணக்கிட்டுத் தமிழில் விளக்கியவர். அவர் பிறந்த மண்ணில் விஞ்ஞானப் பரிசோதனையையும் வரலாற்று விடையையும் காரணகாரியத்தோடு முழு வாக்கியங்களில் எழுதச் சொல்வது மிகையன்று. அந்தப் பாட ஆசிரியர்களிடம் இதுபற்றிப் பேசிப் பாருங்கள்.

பெற்றோரின் உதவியையும் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதற்கு உதவலாம். பிள்ளை தன் கட்டுரையை வாசிக்கும்போது கேட்டிருந்து, விளங்காத இடத்தில் நிறுத்தி, 'அதத் திரும்பச் சொல்லு மகள்' என்றால் போதும். பிள்ளை அப்போது வாயால் சொல்லும் விளக்கத்தை அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டு வரும்படி வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.