வெட்டிய துண்டு எங்கே?

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காதுமடல் பற்றியவை. அவற்றில் சில.

இரண்டாவது தோட்டுக்குக் காது குத்திய இடம் 6 மாதமாகத் தடித்து, கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. 2 மாதத்தில் கல்யாணம். வெட்டிவிடலாமா? - வெள்ளவத்தை வாசகி

வேண்டாம் தங்கச்சி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீலொயிட் போலிருக்கிறது, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு. வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வரும், சிலருக்கு முன்னதைவிடப் பெரிதாக. தழும்புக்குள்ளேயே ஸ்டீரொயிட் ஊசி, மாதம் ஒருமுறை என்று சில தடவை போட வேண்டும். 2 மாதத்தில் முழுதாகக் கரையாது, ஓரளவு தட்டையாகும். புதிதாக எங்கும் குத்தாதீர்கள்.

முப்பது வருஷமாக லொறி ஓட்டுகிறேன். வலது காதின் மேல் விளிம்பில் 4 மாதமாக ஒரு பொருக்கு. உரிகிறது, திரும்ப வருகிறது. சில நாள் காலையில் தலையணை உறையில் இரத்தப் பொட்டு. போன வருஷம் அதே இடத்தில் ஒரு மருவை வெட்டி எடுத்தார்கள். வயது 62. - கொட்டாஞ்சேனை வாசகர்

வெட்டிய துண்டு எங்கே ஐயா? ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்களா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. என்னிடம் வருகிறவர்களும் இப்படித்தான். கேட்டால், "அதைக் குப்பைக் கூடையில் போட்டார்கள், டொக்டர்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. சோற்றுப் பருக்கை அளவு சதைதான். சதை கெடாமல் காக்கும் ஃபோர்மலின் ஊற்றிய சின்னப் போத்தலில் போட்டு, பெயரையும் எந்தக் காது என்பதையும் எழுதி அனுப்ப இரண்டு நிமிடம் போதும். மருவா புற்றா என்பதைக் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல எனக்கும் முடியாது, மைக்ரொஸ்கோப்தான் சொல்லும்.

லொறியில் உங்கள் வலது காதுதான் யன்னல் பக்கம். அத்தனை வருஷ வெயிலும் அதன் மேல்தான் விழுந்திருக்கிறது. கறுத்த தோலுக்கு வெயிலால் வரும் தோல் புற்று குறைவாகத்தான் வரும், வரவே வராது என்றில்லை. அதில் ஒரு வகையான செதிள்கலப் புற்று காதில் வந்தால், மற்ற இடத்துத் தோலில் வருவதைவிடக் கழுத்து நெறிகளுக்குப் பரவும் வாய்ப்புக் கூடியது. சிறிதாக இருக்கும்போது எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இந்தக் கிழமையே தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள், காசு செலவில்லை. பயொப்சி, அதாவது சோதிக்கச் சின்னத் துண்டு, எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். முடிவு தெரியும்வரை பாமசியில் வாங்கிய கிறீம் எதுவும் பூச வேண்டாம். போன வருஷம் வெட்டியவர்களிடம் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன? - தெஹிவளை

வயது இல்லை, எத்தனை நாளாக என்பது இல்லை, வலிக்கிறதா என்பதும் இல்லை. கலங்கிய படத்தைப் பார்த்து என்ன சொல்வது? ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத எதுவும் நேரில் காட்ட வேண்டியது.

காது விளிம்பில் மிளகளவு கட்டி. அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் உயிர் போகிற வலி. மாமி தலைமயிரால் கட்டச் சொல்கிறா. - பம்பலப்பிட்டி

கட்டாதீர்கள், குருத்தெலும்பில் கிருமி பிடித்தால் காது சுருங்கிப்போகும். படுக்கும்போது விழும் அழுத்தத்தால் வருகிற புண்ணாக இருக்கலாம். மறுபக்கம் படுங்கள், அல்லது நடுவில் ஓட்டை வைத்த தலையணை பாவியுங்கள். எதற்கும் ஒருமுறை காட்டுங்கள். வெட்டினால், துண்டு ஆய்வுகூடத்துக்குப் போகட்டும்.

பெருவிரல் வாதம் உள்ள அப்பாவுக்குக் காதில் வெள்ளையாகக் கட்டிகள். - மட்டக்குளி

யூரிக் அமிலப் படிவாக இருக்கலாம். இரத்தத்தில் அளவைப் பாருங்கள்.

மகனுக்குக் காதுக்கு முன்னால் பிறவியிலேயே ஊசித்துளை. அடைக்க வேண்டுமா?

வேண்டாம். பிதுக்காமல் விடுங்கள். வீங்கினால், சீழ் வந்தால் மட்டும் காட்டுங்கள்.