பதில்: பிரிப்யாத் மருத்துவமனைக் கதையில் மூவரும் விடிவதற்குள் இறப்பது பொருந்துமா?

பொருந்தாது. உங்கள் கதையில் சுற்றுலா போன மூவர் பதுங்குவது, செர்னோபில் அணு உலை விபத்தால் கைவிடப்பட்ட பிரிப்யாத் நகரின் மருத்துவமனையில். அதன் நிலவறையில் ஓர் இரவு பதுங்கியதற்காக 2019-இல் யாரும் விடிவதற்குள் கதிர்வீச்சால் சாக மாட்டார்கள். முடிவை மாற்றிவிடுங்கள்.

விபத்து நடந்த 1986-ஐ அப்படியே 2019-க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. அன்று தீயணைப்பு வீரர்களைக் கொன்றது, வெடித்த உலையின் அருகிலேயே நின்று வாங்கிய கதிர்வீச்சு. உலையிலிருந்து வெளியேறிய கதிரியக்கப் பொருள்களில், எட்டு நாளில் பாதியாகிவிடும் அயோடின்-131 எப்போதோ தீர்ந்துபோனது. மிஞ்சியிருப்பதில் முக்கியமானது சீசியம்-137. அது பாதியாகவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். தூசியோடு தூசியாகக் கிடக்கிறது.

உங்கள் திகில் அந்தத் தூசியில்தான் இருக்கிறது. அந்தத் தீயணைப்பு வீரர்கள் கழற்றிப்போட்ட உடைகளும் பூட்ஸுகளும் அந்த நிலவறையில்தான் போடப்பட்டன. டார்ச் கைநழுவி அவற்றின் மேல் விழுகிறது. ஒருவன் குனிந்து எடுக்கிறான். முகமூடி தாடைக்கு இறங்கியிருப்பதை நிமிர்ந்த பிறகுதான் உணர்கிறான். கதிர்வீச்சை அளக்கும் கருவியின் டிக் டிக் ஒலி நெருங்கி நெருங்கி ஒரே இரைச்சலாகிறது. உடனே எதுவும் ஆகாது. மூச்சோடு உள்ளே போனதா என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது.

அந்தக் காட்சியில் 'கதிர்வீச்சு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ஓசையை மட்டும் வைத்து எழுதிப் படித்துப் பாருங்கள். அப்போதும் நெஞ்சு படபடத்தால் காட்சி எடுபடும். அன்றிரவே ஒரு சாவு வேண்டுமென்றால் இற்றுப்போன தளம் ஒன்று போதும்.

ஒன்று மட்டும் கவனம்: கதையை 2022 பிப்ரவரிக்குப் பின் தள்ளாதீர்கள். உக்ரைனில் போர் தொடங்கியதும் உலையைச் சுற்றியுள்ள தடை மண்டலத்துக்குச் சுற்றுலாப் பயணம் நின்றுவிட்டது. உங்கள் முதல் அத்தியாயமே நடக்காது.