சிலோன் ரேடியோ முதல் செல்போன் வரை: கோத்தகிரியிலிருந்து கேள்வி பதில்

சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்தில் பிறந்தவன் நான். ஊர் மாறி வந்தவர்களுக்கு ரேடியோவும் டிவியும் என்ன செய்கின்றன என்று பல வருடமாகப் படித்து வருகிறேன். வந்த கேள்விகளில் மூன்று.

கூடலூர் வாசகி: 1970களில் வந்த என் மாமியார் கடைசிவரை இலங்கை வானொலியைத்தான் கேட்டார். அதனால்தான் இந்த ஊரோடு ஒட்டவில்லையோ?

அப்படிச் சொல்ல மாட்டேன் அம்மா. 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒத்துக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே தமிழ்நாடு அரசின் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டங்கள் வந்தன. பேச்சு தமிழ்தான் என்றாலும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு அங்கே லயம் என்று பேர், இங்கே லைன் வீடு. வேலை வாங்குபவர் அங்கே கங்காணி, இங்கே மேஸ்திரி. எங்கள் வீட்டு ரேடியோவுக்கு அம்மா கம்பளி நூலில் உறை பின்னியிருந்தார். பகலில் அதில் இலங்கை வானொலிப் பாட்டு. சாயந்தரம் அப்பா முள்ளைத் திருப்பி ஆகாசவாணியின் மாநிலச் செய்தி வைப்பார். ரேஷன், தேர்தல் எல்லாம் அதில்தான் அவருக்குப் பிடிபட்டது. பாட்டு மனசைத் தேற்றியது, செய்தி ஊரைக் காட்டியது. இரண்டும் வேண்டியிருந்தது. உங்கள் மாமியாரை ஒட்டவிடாமல் செய்தது ரேடியோ என்று நான் நம்பவில்லை. "சிலோன்காரங்க" என்று தள்ளி வைத்த வாய்களை நானே கேட்டிருக்கிறேன்.

குன்னூர் வாசகர்: கனடா போன மகள் நாள் முழுக்கத் தமிழ் சீரியல் பார்க்கிறாள். தடுக்கலாமா?

வேண்டாம். குடியேறியவர்களின் தாய்மொழிப் பத்திரிகைகள் புது நாட்டைப் பழகவும் உதவுகின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் பார்க் 1922லேயே எழுதினார். அந்த ஊர்ச் செய்தியையும் தினம் அரை மணி நேரம் கேட்கச் சொல்லுங்கள், போதும்.

கோத்தகிரி அங்கன்வாடிப் பணியாளர்: ஜார்க்கண்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளியின் பையன், மூன்று வயது. போனில் தமிழ்க் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் தமிழ் வந்துவிடுமா?

அது மட்டும் போதாது. அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2003ல் வெளியிட்டார்கள். நேரில் ஒருவர் சீன மொழியில் பேசி விளையாடியபோது பிள்ளைகள் அதன் ஒலிகளைப் பிரித்தறியப் பழகினார்கள். அதையே வீடியோவில் காட்டியபோது பழகவில்லை. உங்கள் பையன் பெரியவன், கார்ட்டூனிலிருந்து சில சொற்களைப் பிடிப்பான். ஆனால் அவன் "தண்ணி" என்றால் எடுத்துக் கொடுக்க போனுக்குக் கை இல்லையே. சத்துமாவு உருண்டை கொடுக்கும்போது "இந்தா", "இன்னும் வேணுமா" என்று அவன் முகம் பார்த்துப் பேசுங்கள். அப்புறம், வீட்டில் அவன் அம்மா பேசும் மொழியை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.