பூசவா, ஒட்டவா, சொட்டவா? கவுண்டரிலிருந்து பதில்கள்

மருந்துக்கடையில் நிற்கிற பார்மசிஸ்ட் நான். தோல் டாக்டர் இல்லை. அதனால் புண்ணைப் படம் எடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்காதீர்கள். மேலுக்குப் போடுகிற மருந்து எதைப் பற்றியும் கேட்கலாம்.

கோவைக்காரர்: ஒரே மருந்து க்ரீமாகவும் இருக்கிறது, ஆயின்மென்டாகவும் இருக்கிறது. எதை வாங்குவது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஆயின்மென்ட், அதாவது களிம்பு, பெரும்பாலும் வாசலின் மாதிரியான பிசுக்கு. தோலை மூடிவிடும். அடியில் ஈரம் தங்கித் தோல் ஊறுவதால் மருந்து நன்றாக இறங்கும். அதனால்தான் அதே ஸ்டீராய்டு (அரிப்பையும் அழற்சியையும் அடக்கும் மருந்து), அதே சதவீதம் என்றாலும் க்ரீமைவிடக் களிம்புக்குப் பெரும்பாலும் வீரியம் அதிகம். பித்தவெடிப்பு, தடித்து வறண்ட எக்சிமா (அரிக்கும் தோல் அழற்சி) இவற்றுக்குக் களிம்பு. க்ரீம் என்பது எண்ணெயையும் தண்ணீரையும் அடித்துக் கலந்தது. தேய்த்தால் மறையும், சட்டையில் ஒட்டாது. நீர் கசிகிற இடம், தோல் மடிப்பு என்றால் க்ரீம்தான். தலைக்கு லோஷனோ ஜெல்லோ. முடிக்குள் களிம்பைத் தடவிவிட்டு வந்து என்னிடம் ஷாம்பு கேட்டவர்கள் உண்டு. ஆல்கஹால் கலந்த ஜெல்லை வெடிப்பில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். பேஸ்ட் வேறு ஜாதி: களிம்பில் பொடியை அள்ளிப் போட்டுப் பிசைந்தது. லாசர் (Lassar) என்ற பேஸ்ட்டில் ஏறத்தாழப் பாதி துத்தநாக ஆக்சைடும் ஸ்டார்ச்சும்தான். விறைப்பாக இருப்பதால் வைத்த இடத்தை விட்டு வழியாது.

அம்மா ஒருவர்: எவ்வளவு தடவ வேண்டும்?

பெரியவர் ஆள்காட்டி விரலின் கடைசிக் கோட்டிலிருந்து நுனி வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

திருச்சியிலிருந்து: படர்தாமரைக்கு ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. நிறுத்தினால் வட்டம் பெரிதாகிறது.

ட்யூப்பைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபெட்டசால் என்றோ பீட்டாமெத்தசோன் என்றோ இருக்கும். அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக்கோ சோறு போட்டு வளர்க்கும். 2018லேயே இந்த மாதிரி ஸ்டீராய்டுப் பூச்சுகளை 'ஷெட்யூல் எச்' என்ற மருந்துப் பட்டியலில் சேர்த்தாயிற்று. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரனான நானே சொல்கிறேன். தோல் டாக்டரைப் பாருங்கள்.

பெயர் வேண்டாம்: முகம் வெளுக்க அதே ட்யூப்பைத்தான் மூன்று மாதமாக...

மேலே உள்ள பதில்தான். கூடவே தோல் மெலியும், பரு வரும், முகத்தில் சிவப்பு நரம்பு தெரியும். சட்டென்று நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: கண்ணுக்கு இரண்டு வகைச் சொட்டு மருந்து. ஒன்றன்பின் ஒன்றாக விடலாமா?

ஐந்து நிமிடம் விடுங்கள் ஐயா. கண்ணில் ஒரு சொட்டே முழுதாக நிற்காது. உடனே அடுத்ததை விட்டால் முதல் மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். கண் களிம்பும் இருந்தால் அது கடைசியில்.

சித்த மருத்துவ மாணவி: க்ரீம், ஜெல் என்று பெரிதாக அடுக்குகிறீர்கள். சித்தத்தில் புறமருந்து 32 என்று எப்போதோ வகுத்துவிட்டார்கள்.

உண்மை. கலிக்கம் கண்ணுக்கு, நசியம் மூக்குக்கு, பீச்சு எனிமா, களிம்பு களிம்பேதான். ஆனால் அந்த 32இல் அறுவையும் அட்டைவிடலும் (ரத்தம் உறிஞ்ச அட்டைப்பூச்சி விடுவது) இருக்கின்றனவே! அட்டை எப்படி அம்மா மருந்தாகும்? அது செய்முறை.

மாணவி: உடம்புக்கு வெளியே செய்வதெல்லாம் புறமருந்து சார். மருந்து வேறு, செய்முறை வேறு என்பது உங்கள் கோடு. ஒற்றடத்தை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

மாட்டிவிட்டீர்கள். இலையை வதக்கித் துணியில் கட்டிச் சூட்டோடு ஒற்றுகிறோம். மருந்தும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. சூட்டில் மருந்து கூடுதலாக இறங்கும் என்பதால்தான் ஃபென்டனில் என்ற கடும் வலிமருந்து பேட்ச் (தோலில் ஒட்டுவது) மேல் வெந்நீர்ப் பை வைக்காதே என்று தலையால் அடித்துக்கொள்கிறோம். அளவு மீறினால் மூச்சே தடுமாறும். சரி, ஒற்றடம் உங்களுக்கு. குங்கிலிய வெண்ணெய் எனக்கு: நல்லெண்ணெயில் குங்கிலியம் என்ற மரப்பிசினைக் கரைத்து, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கடைந்து வெண்ணெயாக்குகிறீர்களே, எனக்கு அது க்ரீம்தான்.

மாணவி: பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறது சார்!

நடுவில் ஒருவர்: கலமைன் லோஷன் பூசியும் அரிப்பு அடங்கவில்லை என்று கேட்டேனே, என்ன ஆனது?

மன்னிக்கவும். குலுக்குங்கள். அடியில் படிந்திருப்பதுதான் மருந்து; மேலே தெளிந்து நிற்பதை மட்டும் பூசிவிட்டுக் குணமாகவில்லை என்கிறீர்கள்.

புதியவர்: தொடை இடுக்கில் அரிப்பு. நண்பர் ஒரு ட்யூப் கொடுத்தார்...

ட்யூப்பைத் திருப்பிப் படியுங்கள்.

மாணவி: அப்போ அந்த 32இல் வருகிற வர்த்தி, அதாவது மருந்துத் திரி?

ஆசனவாயில் வைக்கிற சப்போசிட்டரி மாதிரி. சூடு படாத இடத்தில் வையுங்கள். கடை சாத்துகிறேன்.