ஓபன்ஜிஎல் புரோகிராம் கம்பைல் ஆகுது, ஆனா ரன் பண்ணா கிராஷ் ஆகுது, ஏன்?
விண்டோஸ்ல ஜிஎல்எஃப்டபிள்யூ (விண்டோ திறக்கிற லைப்ரரி), கிளாட் (ஓபன்ஜிஎல் ஃபங்ஷன்களை லோட் பண்ற லைப்ரரி) ரெண்டும் போட்டாச்சு, கம்பைலும் ஆகுது, ரன் பண்ணதும் விழுந்துடுதுன்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் எதுக்கப்புறம் எதைக் கூப்பிடறோம்ங்கற வரிசைதாங்க பிரச்சனை. விண்டோஸோட ஓபன்ஜிஎல்32 டிஎல்எல் 1.1 வெர்ஷன் வரைக்கும் உள்ள ஃபங்ஷன்களைத்தான் நேரா குடுக்கும், மிச்சமெல்லாம் கிராஃபிக்ஸ் டிரைவருக்குள்ள இருக்கு, அதோட அட்ரஸை ஒவ்வொண்ணா தேடி எடுத்து வைக்கிறதுதான் கிளாடோட வேலை, அது முடியறதுக்கு முன்னாடியே ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டுல ஓடற சின்ன புரோகிராம்) உருவாக்கப் போனா அந்த அட்ரஸை வச்சிருக்க வேண்டிய பாயிண்டர் காலியா இருக்கும், அதான் கிராஷ்.

அதனால முதல்ல விண்டோ, அடுத்து அந்த விண்டோவோட கான்டெக்ஸ்டை (ஓபன்ஜிஎல் தன்னோட நிலையை வச்சிருக்கிற இடம்) கரண்ட் ஆக்குங்க, அதுக்கப்புறம் கிளாட் லோட். லோட் ஆச்சான்னு ரிட்டர்ன் வேல்யூவையும் கட்டாயம் பாருங்க, நிறைய பேர் இதை விட்டுடறாங்க.

அப்பவும் சரியாகலைன்னா ரெண்டரர் பேரை, அதாவது படத்தை எது வரையுதுங்கறதை, பிரிண்ட் பண்ணுங்க. ‘ஜிடிஐ ஜெனரிக்’னு (விண்டோஸோட சொந்த சாஃப்ட்வேர் ரெண்டரர்) வந்தா கார்டோட டிரைவரே வேலை செய்யலைன்னு அர்த்தம், கோடை நோண்டாம முதல்ல டிரைவரைப் போடுங்க.